மாநகராட்சிச் சம்பளத் திட்டம்: ஊழியர்களுக்கிடையே நியாயம் வர என்ன செய்யலாம்?

மாநகராட்சிகளின் சம்பள மறுசீரமைப்பில் நீண்ட அனுபவமுள்ள மனிதவள அலுவலர் ஒருவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: மேடம், எங்கள் மாநகராட்சியில் ஒரே வேலைக்குத் துறைக்கொரு சம்பளம். முதலில் எதில் கைவைப்பது?

சம்பளப் பட்டியலில் கைவைக்காதீர்கள். பணி விவரங்களை எடுங்கள். 'உதவியாளர்' என்ற ஒரே பெயரில் ஒருவர் கோப்பு அடுக்குவார், இன்னொருவர் டெண்டர் ஆவணமே தயாரிப்பார். பதவிப் பெயரை நம்பித் தரம் (சம்பள நிலை) பிரித்தால் பழைய அநியாயம் அப்படியே தொடரும். வேலையைச் செய்பவரிடமே எழுதி வாங்கி, மேலாளரிடம் சரிபாருங்கள். மதிப்பிடும்போது அந்த நாற்காலியில் இருப்பவர் யார் என்று பார்க்கவே கூடாது. மதிப்பு வேலைக்குத்தான்.

கேள்வி: கழிவுநீர்க் குழாய்த் தொழிலாளியையும் அலுவலக எழுத்தரையும் எப்படி ஒப்பிடுவது?

புள்ளி முறையில், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் அளவுகோல் வாரியாகப் புள்ளி போட்டு, ஒப்பிடலாம். திறன், உழைப்பு, பொறுப்பு, பணிச்சூழல் என்ற நான்கு அளவுகோல்கள் பல நாடுகளில் பழக்கத்தில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்பதில்தான் பாரபட்சம் ஒளிந்திருக்கும். படிப்புக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுப் பணிச்சூழலுக்குக் கிள்ளிக் கொடுத்தால், நச்சுவாயு ஆபத்துக்கு நடுவே வேலை செய்பவர் எப்போதும் கடைசிப் படியில்தான் நிற்பார். புகார் கவுன்டரில் நாள் முழுக்கக் கோபக்காரர்களுக்குப் பதில் சொல்வதும் உழைப்புதான். பெண்கள் அதிகம் செய்யும் வேலைகளில் இது கணக்கிலேயே வராமல் போகிறது. எடைகளை முதலில் முடிவு செய்துவிடுங்கள், அப்புறம் புள்ளி போடுங்கள். புள்ளிகளைப் பார்த்துவிட்டு எடையைத் திருத்த ஆரம்பித்தால் புள்ளி போடும் குழுவை யாரும் நம்பமாட்டார்கள்.

கேள்வி: ஆரம்பச் சம்பளத்தை உயர்த்தினார்கள். இப்போது நேற்று சேர்ந்தவரும் ஐந்து வருடம் வேலை பார்த்த நானும் ஒரே சம்பளம் வாங்குகிறோம். இது சரியா?

சரியே இல்லை. இதைச் சம்பளச் சுருக்கம் என்பார்கள். நான் அதிகம் பார்க்கும் குறையும் இதுதான். ஆரம்பச் சம்பளம் 100, ஆண்டு உயர்வு 3 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் உங்களுக்கு 115. ஆரம்பத்தை 115 ஆக்கி அதோடு நிறுத்திவிட்டால், உங்கள் ஐந்து வருடத்துக்கு மதிப்பே இல்லை. புதிய அட்டவணையில் ஐந்து வருட உயர்வும் சேர்ந்து உங்கள் படி 130. நியாயமான திட்டம் பணி ஆண்டுகளைக் கணக்கிட்டு அந்தப் படியில் உங்களை வைக்கும். பணம் போதவில்லை என்றால் 115க்கும் 130க்கும் உள்ள இடைவெளியை இரண்டு ஆண்டில் நிரப்பட்டும். ஆனால் அந்தத் தேதிகள் தீர்மானத்திலேயே எழுதப்பட வேண்டும். 'நிதி நிலைமையைப் பொறுத்து' என்ற வரியை ஏற்காதீர்கள். மேற்பார்வையாளர் சம்பளத்தையும் கூடவே பாருங்கள். தனக்குக் கீழே இருப்பவரைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு அந்தப் பொறுப்பை யார் ஏற்பார்கள்?

கேள்வி: புதிய தரத்தின் உச்சத்தைவிட இப்போதே அதிகம் வாங்குபவருக்குக் குறைப்பீர்களா?

குறைக்க வேண்டாம். தரத்தின் உச்சம் அவரை எட்டும்வரை உயர்வை நிறுத்திவைப்பதே வழக்கம். அவருக்குப் பின் வருபவருக்குப் புதிய அளவு.

கேள்வி: கணினிப் பொறியாளர்கள் வெளியே அதிகச் சம்பளம் கிடைக்கிறது என்கிறார்கள். தரத்தை உயர்த்தலாமா?

தரத்தைத் தொடாதீர்கள். சந்தைப் படி (வெளிச் சம்பளத்தை ஈடுகட்டும் கூடுதல் தொகை) என்று தனியாக, காலவரையறையோடு கொடுங்கள். கெடு முடிந்ததும் மறுபடி ஆராயுங்கள். தரத்தை உயர்த்தினால் சந்தை மாறினாலும் திரும்பக் குறைக்க முடியாது.

கேள்வி: செலவு அதிகம், பிறகு பார்க்கலாம் என்கிறது நிர்வாகம். என்ன சொல்வது?

பிரிட்டனின் பர்மிங்காம் மாநகராட்சியைச் சொல்லுங்கள். குப்பை அள்ளும் ஆண்களுக்குக் கிடைத்த போனஸ், சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலை பார்த்த பெண்களுக்குக் கிடைக்கவில்லை. வழக்கு 2012இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023இல் அந்த மாநகராட்சி தன் வரவுசெலவைச் சமாளிக்க முடியவில்லை என்று அறிவித்தபோது, சம ஊதியப் பாக்கியும் முக்கியக் காரணம். அமெரிக்காவின் சான் ஹோசே நகரில், பெண்கள் அதிகமுள்ள பதவிகளுக்குச் சம மதிப்புள்ள ஆண்களின் பதவிகளைவிடச் சம்பளம் குறைவு என்று ஆய்வில் தெரிந்தது. 1981இல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்துதான் திருத்தம் பெற்றார்கள். தள்ளிப்போட்டால் பாக்கி ஏறிக்கொண்டேதான் போகும்.

கேள்வி: என் பதவிக்குப் போட்ட புள்ளி தவறு என்று நினைக்கிறேன். யாரிடம் போவது?

மேல்முறையீட்டுக் குழுவிடம். முதலில் புள்ளி போட்டவர்கள் அதில் இருக்கக் கூடாது, ஊழியர் பிரதிநிதி கட்டாயம் இருக்க வேண்டும். எந்த அளவுகோலில் எத்தனை புள்ளி என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தர மறுத்தால் உங்கள் முதல் முறையீடே அதைப் பற்றியதாக இருக்கட்டும்.