புலிப்பாதமும் ஒரு டப்பா சீடையும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். மகன் தென் கரோலினாவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறான். செப்டம்பரில் நானும் மனைவியும் போகிறோம். அங்கே ஓர் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். ஆட்டம் முடிந்ததும் வந்தவர்கள் எல்லாம் மைதானத்துக்குள் இறங்கி வீரர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாமாம். எண்பதாயிரம் பேர் கூடும் இடத்தில் அது எப்படி ஐயா நடக்கும்? நம்மூரில் வேலிக்கு மேல் கைநீட்டினாலே லத்தி வருகிறது. கையெழுத்து வாங்க எதைக் கொண்டுபோவது? மகனுக்குப் பிடித்த வீரருக்கு ஒரு டப்பா சீடை கொடுக்கலாம் என்கிறாள் மனைவி. கொடுத்தால் தப்பா?

செ., காரைக்குடி

அன்புள்ள செ.,

மகன் சொல்வது உண்மைதான். ஆனால் அதற்கு நேரம் பார்க்க வேண்டும். ஆட்டம் நடக்கும் மூன்றரை மணி நேரமும் அணி உங்களுக்கு எட்டாது. கிட்டே போக முடிவது அதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம், பின்னால் ஒரு அரை மணி. அந்த இரண்டையும் தவறவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த டிக்கெட்டாக இருந்தாலும் நீங்கள் பார்த்தது தூரத்து ஹெல்மெட்டுகளை மட்டுமே.

முதல் சிக்கல், ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதே முன்கூட்டித் தெரியாது. தேதி பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடும். நேரத்தை முடிவு செய்வது டிவி நிறுவனங்கள். பல ஆட்டங்களுக்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் அறிவிப்பார்கள், சிலவற்றுக்கு ஆறே நாள். பகல் பன்னிரண்டாகவும் இருக்கலாம், மாலை ஏழரையாகவும் இருக்கலாம். ஆகவே அந்தச் சனிக்கிழமை முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். ஞாயிறு விடிகாலை விமானம் வேண்டாம்.

நேரம் தெரிந்ததும் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். தொடங்குவதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் முன்னதாக அணி பேருந்தில் வந்து இறங்கி, இருபுறமும் கூட்டம் நிற்க, மைதானத்துக்குள் நடந்து போகும். அணியின் பெயர் டைகர்ஸ் என்பதால் 'டைகர் வாக்' என்பார்கள். டிக்கெட் தேவையில்லை. முக்கால் மணி நேரம் முன்பே போனால் கயிற்றை ஒட்டி முதல் வரிசை கிடைக்கும். அலபாமாவின் ஆபர்னிலும் இதே பெயரில் ஒரு நடை உண்டு, டென்னசியில் வாலண்டியர்ஸ் அணிக்கு 'வால் வாக்'. தெற்கே அனேகமாக எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இப்படி ஒன்று இருக்கிறது. இங்கே பேனாவை வெளியே எடுக்காதீர்கள். காதில் ஹெட்ஃபோனோடு, மனம் வேறெங்கோ இருக்க வருவார்கள். கையை நீட்டினால் தட்டிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. நடந்து வரும்போது அவர்கள் மேல் ஜெர்சி இருக்காது, எனவே எண்ணும் இருக்காது. கோட்டிலோ டிராக்சூட்டிலோ வருகிறவர்களை முகம் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். ஜெர்சி போட்ட பிறகும் எண்ணை மட்டும் நம்ப முடியாது. ஓர் அணியில் 105 பேர் வரை இருக்கலாம், எண்களோ 0 முதல் 99 வரைதான். அதனால் ஒரே எண்ணைத் தாக்கும் பிரிவில் ஒருவரும் தடுக்கும் பிரிவில் ஒருவரும் அணிவது சகஜம். ஒரே நேரத்தில் இருவரும் களத்தில் இருக்கக் கூடாது என்பதுதான் விதி. அணியின் தளத்தில் படத்தோடு வீரர் பட்டியல் இருக்கும். மகனுக்குப் பிடித்த நாலைந்து பேரின் படம், எண், ஆடும் இடம், உயரம் ஆகியவற்றை ஒரு தாளில் அச்சடித்து எடுத்துப்போங்கள். போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட வேண்டாம். எண்பதாயிரம் பேர் ஒரே செல்போன் கோபுரத்தை மொய்க்கும்போது இணையம் படுத்துவிடும். டிக்கெட்டும் போனில்தான் வரும், அதையும் அறையிலிருந்து கிளம்பும் முன்பே போனின் வாலட்டில் ஏற்றிவிடுங்கள். பல இடங்களில் பார்கோடு நகர்ந்துகொண்டே இருக்கும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது.

உள்ளே போனதும் கிழக்குப் பக்கம் ஒரு புல்மேடு தெரியும். அணி மேற்கே உடை மாற்றிக்கொண்டு, தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது பேருந்தில் ஏறி, மைதானத்தைச் சுற்றிவந்து, அந்த மேட்டின் உச்சியில் இறங்கும். பீரங்கி வெடித்ததும் ஒவ்வொருவரும் அங்கே பீடத்தில் இருக்கும் கல்லைத் தடவிவிட்டுச் சரிவில் ஓடி இறங்குவார்கள். 1942இல் மைதானம் திறந்தபோது உடை மாற்றும் அறை மேட்டுக்கு மேலே தெருப்பக்கம் இருந்தது. இறங்கி வர வேறு வழியில்லை என்பதுதான் சடங்கின் பூர்வீகம். கல் பின்னால் வந்தது. கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்திலிருந்து நண்பர் ஒருவர் அன்றைய கிளெம்சன் கோச் ஃபிராங்க் ஹோவர்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம் இருக்கும். கொஞ்ச காலம் அவருடைய அலுவலகக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. 1966இல் பீடம் ஏறியது. அன்றைக்கு வர்ஜீனியாவிடம் 18 புள்ளி பின்தங்கியிருந்த அணி 40-35 என்று ஜெயித்தது. மறு ஆண்டிலிருந்து தடவல் தொடங்கியது. 2013இல் யாரோ உறையை உடைத்து அதில் ஒரு துண்டைப் பெயர்த்தும் விட்டார்கள். கோயில் விக்கிரகத்துக்கு நேர்வதெல்லாம் அதற்கும் நேர்ந்திருக்கிறது.

இனி நீங்கள் கேட்ட விஷயம். மைதானத்தின் நட்டநடுவில் புலியின் பாதத்தடம் வரைந்திருக்கும். ஆட்டம் முடிந்தபின் ரசிகர்கள் இறங்கி அங்கே கூடுவார்கள். வீரர்களும் நிற்பார்கள், கல்லூரிப் பாட்டு பாடுவார்கள், குழந்தைகள் பந்து எறிந்து விளையாடும். இது அத்துமீறல் கிடையாது, நிர்வாகமே கதவைத் திறந்துவிடும் வழக்கம். எதிரணியும் நடுவர்களும் வெளியேறும் வரை மட்டும் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்புக்குக் காரணம் இருக்கிறது. 1993 அக்டோபர் 30 அன்று விஸ்கான்சின் அணி மிச்சிகனை வென்றதும் மாணவர்கள் மேல்படிகளிலிருந்து ஒரே நேரத்தில் கீழே தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்வரிசை வேலியில் நசுங்கியது. எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஆடி முடித்த வீரர்களே ஓடிவந்து கம்பிகளுக்கு இடையிலிருந்து ஆட்களை இழுத்துப்போட்டார்கள். பின்னால் இருப்பவருக்கு முன்னால் கதவு மூடியிருப்பது தெரியாது. ஆபத்து முழுவதும் அதில்தான் இருக்கிறது. இப்போது தெற்கத்திய அணிகளின் எஸ்.இ.சி. கூட்டமைப்பில் ரசிகர்கள் களத்துக்குள் புகுந்தால் 2025 முதல் ஒவ்வொரு முறையும் ஐந்து லட்சம் டாலர் அபராதம். 2024 அக்டோபர் 5இல் வாண்டர்பில்ட் அலபாமாவைச் சாய்த்தபோது மாணவர்கள் கோல்போஸ்டைப் பிடுங்கி நாஷ்வில் தெருக்கள் வழியே தூக்கிப்போய்க் கம்பர்லண்ட் ஆற்றில் போட்டார்கள். அப்போது அபராதம் ஒரு லட்சம்தான். அந்த ஆட்டமும் 40-35, என்ன பொருத்தமோ. கிளெம்சன் இருக்கும் ஏ.சி.சி. கூட்டமைப்பும் எதிரணிக்குப் பாதுகாப்பு தராவிட்டால் அபராதம் விதிக்கும் விதியை 2025இல் கொண்டுவந்தது. எனவே அறிவிப்பு வரும்வரை கைப்பிடிச் சுவரில் ஏறாதீர்கள். வயதான அம்மாவோ சிறுபிள்ளையோ உடன் இருந்தால் முதல் அலை போகட்டும்.

ஆனால் ரொம்பவும் தாமதிக்கக் கூடாது. மேல்தளத்தில் இடம் என்றால் ஆட்டக் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போதே சரிவுப்பாதையில் இறங்கத் தொடங்குங்கள். கடைசி இரண்டு நிமிடம் என்பது டைம்-அவுட்டுகளோடு பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும், பதற்றம் வேண்டாம். தோற்ற நாளில் வீரர்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவார்கள். கூப்பிடாதீர்கள்.

இறங்கியதும் எல்லாரும் செய்யும் தவறு, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைத் தேடி ஓடுவது. அவரைச் சுற்றி கேமராக்கள், பேட்டி, காவலர்கள். பதினைந்து நிமிடம் அங்கே நின்றால் அவருடைய முதுகு கிடைக்கும். அதற்குள் மற்றவர்கள் போயிருப்பார்கள். என் யோசனை, தாக்கும் வரிசையின் பெரிய உடம்புக்காரர்களிடம் போங்கள். நூற்று நாற்பது கிலோ, ஆறரை அடி, ஆட்டம் முழுக்க மோதிவிட்டு நிற்பார், பேரைச் சொல்லிக் கூப்பிட யாரும் இருக்க மாட்டார்கள். 'வாக்-ஆன்' எனப்படும் உதவித்தொகை இல்லாத வீரர்களும் அப்படியே. வாரம் முழுக்கப் பயிற்சியில் அடி வாங்கி, சனிக்கிழமை ஓரத்தில் நிற்பவர்கள். அவர்கள் உங்களோடு பத்து நிமிடம் பேசுவார்கள். ஆட்டத்தைப் பற்றி நுணுக்கமாகச் சொல்வதும் அவர்கள்தான்.

கையெழுத்துக்கு வருவோம். ஷார்பி மார்க்கர் இரண்டு, வெள்ளிநிறப் பெயிண்ட் பேனா ஒன்று போதும். கிளெம்சனின் ஆரஞ்சு சட்டையில் கறுப்பு எடுக்கும். ஊதாவில் வெள்ளிதான் தெரியும். பெயிண்ட் பேனாவை முன்கூட்டியே அழுத்தி மை இறங்கச் செய்துவையுங்கள், இல்லாவிட்டால் அவர் கையில் கொடுத்ததும் சொட்டும். ஜெர்சியில் வாங்குவதாக இருந்தால் உள்ளே ஓர் அட்டையைச் செருகி, எண்ணின் மேல் துணியை இழுத்துப் பிடியுங்கள். வெறும் துணியில் மை பரவி, மூன்றாம் எழுத்திலேயே பேனா சிக்கிக்கொள்ளும். பந்து என்றால் வெள்ளைப் பட்டை வைத்தது வாங்குங்கள். பழுப்புத் தோலின் புள்ளிகளில் எழுத்து உடையும், நாளாக மங்கும். எழுதிய இடத்தை ஐந்து நிமிடம் தொடாதீர்கள், செப்டம்பர் வெயிலில் அவர் கையிலும் வியர்வை, உங்கள் கையிலும் வியர்வை. ஒருவரிடம் ஒரு பொருள், அதுவும் மகன் பெயரைச் சொல்லி அவனுக்கென்று எழுதித் தரச் சொல்லுங்கள். பெயர் எழுதியதை விற்பது கடினம் என்பதால் வீரருக்கும் சந்தேகம் வராது.

ஏன் சந்தேகம் என்றால், கையெழுத்துக்கு இன்று விலை உண்டு. 2010இல் ஜார்ஜியாவின் ஏ.ஜே. கிரீன் தன் ஜெர்சியை விற்றதற்காக நான்கு ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். 2014இல் அதே அணியின் டாட் கர்லி கையெழுத்துக்குக் காசு வாங்கியதற்கு அதே நான்கு ஆட்டம். மைதானம் நிறைய அவர்கள் எண் போட்ட சட்டை விற்கும், அதில் அவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. அபத்தமான காலம். 2021 ஜூலை 1 முதல் வீரர் தன் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025-26இல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு மொத்தமாக 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகவே கொடுக்கலாம் என்றும் ஆனது. ஆகவே களத்தில் ஓசியில் கிடைக்கும் கையெழுத்து அவர் காட்டும் மரியாதை. மறுத்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை.

இந்த மாற்றத்துக்கு ரசிகனும் விலை கொடுத்திருக்கிறான். ஏப்ரலில் தங்களுக்குள்ளேயே பிரிந்து ஆடிக்காட்டும் 'ஸ்பிரிங் கேம்', சாதாரண ஜனம் குடும்பத்தோடு போய்ப் பார்ப்பது. 2016இல் ஒஹையோ ஸ்டேட் மைதானத்தில் அதற்கு ஒரு லட்சம் பேர் கூடினார்கள். 2025இல் நெப்ராஸ்காவும் டெக்சஸும் வழக்கமான அந்த ஆட்டத்தைக் கைவிட்டன. நெப்ராஸ்கா கோச் வெளிப்படையாகவே சொன்னார்: நன்றாக ஆடுபவனை நாமே கடைவிரித்துக் காட்டினால் வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடும். பயிற்சியைப் பார்க்க விடுவதும் குறைந்துவருகிறது. விட்டாலும் வீடியோ எடுக்க அனுமதி இருக்காது. இந்த நிலையில் கிளெம்சன் நடுமைதானத்தை இன்னும் திறந்து வைத்திருப்பது பெரிய விஷயம் என்றுதான் நினைக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. 'ஐப்டே' என்று ஒரு சங்கம் அங்கே உண்டு. 1934இல் ஆண்டுக்குப் பத்து டாலர் சந்தா என்ற பொருளில் வைத்த பெயர். நல்ல இடத்தில் டிக்கெட் வேண்டுமென்றால் அதில் சேரச் சொல்வார்கள். சேர்ந்த கணத்திலிருந்து விதிப்படி நீங்கள் அணியின் 'பூஸ்டர்', அதாவது ஆதரவாளர், ஆயுளுக்கும். அணியில் சேரலாமா என்று பார்க்க வந்திருக்கும் பள்ளிப் பையன்கள் அடையாள அட்டையோடு ஓரத்தில் நிற்பார்கள். அவர்களிடம் போய் 'இங்கே வந்துவிடு தம்பி' என்று சொல்வது கூட மீறல், பல்கலைக்கழகத்தின் தலையில் விடியும். சமூக ஊடகத்திலும் அதேதான். ஆடுகிற பிள்ளைகளுக்கும் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். பந்தயத்தில் காசு விட்டவர்கள் அந்தப் பெட்டியை ஏற்கெனவே வசையால் நிரப்பி வைத்திருக்கிறார்கள், நல்ல சொல் அதில் தெரியவே தெரியாது.

சீடை விஷயம். வீரருக்குக் கொடுக்காதீர்கள். மற்ற மாணவருக்குக் கிடைக்காத சலுகை எதையும் வீரர் பெறுவதைப் பற்றிய விதிகள் ஒரு பக்கம், ஊக்கமருந்துச் சோதனை மறுபக்கம். முன்பின் தெரியாதவர் நீட்டும் தின்பண்டத்தை அவர் வாங்கினாலும் தின்ன மாட்டார். அதற்கும் முன்னால் டப்பா வாசலைத் தாண்டாது. 12 அங்குல நீளம், 6 அகலம், 12 உயரத்துக்குள் அடங்கும், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பை மட்டுமே அனுமதி. கையளவு சிறு பர்ஸ் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளலாம். எவர்சில்வர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரும்ப காருக்கு ஒரு மைல் நடப்பீர்கள்.

அதைக் கார் நிறுத்துமிடத்திலேயே திறந்துவிடுங்கள். காலையிலிருந்தே அங்கே வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, கூடாரம் போட்டு, கறி சுட்டுக்கொண்டிருப்பார்கள். 'டெய்ல்கேட்' என்பது அதுதான். ஆரஞ்சு சட்டையோடு பக்கத்தில் நின்றால் தட்டு உங்கள் கைக்குத் தானாக வரும், உங்கள் டப்பாவும் சுற்றில் போகும். சீடையில் எள் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே அது ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு.