ரூத் க்ராஃபோர்ட் சீகர்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அமெரிக்க இசையமைப்பாளர் ரூத், பாடகர் பீட் சீகரின் அம்மாதானே?

சிற்றன்னை. இசையியலாளர் சார்ல்ஸ் சீகரின் முதல் மனைவிக்குப் பிறந்தவர் பீட். ரூத் சார்ல்ஸை மணந்தது 1932-இல். ரூத் பெற்ற பிள்ளைகளில் மைக்கும் பெக்கியும் பாடகர்கள்தான். ஆனால் இந்த உறவுமுறையை வைத்தே அவரை அடையாளம் காட்டுவது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் கல்யாணத்துக்கு முன்பே, 1930-இல், இசையமைப்புக்காக குகன்ஹைம் உதவித்தொகை (கலைஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் தரப்படும் அமெரிக்க நிதியுதவி) பெற்ற முதல் பெண் அவர். அந்தப் பணத்தில்தான் பெர்லின் போனார்.

கேள்வி: சின்ன வயதிலேயே இசையமைத்தாரா?

இல்லை. 1901-இல் ஓஹையோவில் ஒரு மெதடிஸ்ட் போதகருக்குப் பிறந்து, ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர். 1921-இல் சிகாகோ போனது பியானோ படிக்கத்தான்.

கேள்வி: 1931-இல் எழுதிய ஸ்ட்ரிங் குவார்டெட்டை (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்து வாசிப்பது) கேட்டேன். மூன்றாம் பகுதியில் மெட்டே இல்லையே?

இருக்கிறது, ஆனால் ஒரே வாத்தியத்தில் தேடினால் கிடைக்காது. நாலு பேரும் நீளநீளமான சுரங்களைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், ஒருவருடைய ஒலி பெருகும்போது இன்னொருவருடையது தணியும், அந்தந்த நேரத்தில் எது மேலெழும்புகிறதோ அதையே காதால் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள், நாலு கருவிகளுக்கும் பங்குபோட்ட ஒரே மெட்டு மெதுவாக நகர்வது கேட்கும். அப்புறம் நான்காம் பகுதி: முதல் வயலின் ஒரு சுரம், இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போக, மற்ற மூவரும் 20 சுரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைப்பார்கள். பாதியில் எல்லாம் திரும்பி, வந்த வழியே பின்னோக்கிப் போகும்.

கேள்வி: இவ்வளவு திறமை உள்ளவர் ஏன் இசையமைப்பதை நிறுத்திவிட்டார்?

பொருளாதார மந்தக் காலம், நாலு குழந்தைகள், 1936-இல் வாஷிங்டனுக்குக் குடிமாற்றம். அங்கே ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் சேகரித்த நாட்டுப்பாடல் ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, பாடியவரின் இழுப்பு, தயக்கம் வரை இசைக்குறிப்பில் இறக்கினார்; 1941-இல் அது புத்தகமாக வந்தது. 1948-இல் குழந்தைகளுக்கான நாட்டுப்பாடல் தொகுப்பு. இதை வீணான காலம் என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை, குவார்டெட் எழுதிய அதே காதுதான் இதையும் செய்தது. ஆனாலும் எழுதப்படாமல் போனவற்றை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

கேள்வி: திரும்பி வரவே இல்லையா?

வந்தார். 1952-இல் ஐந்து காற்றுக்கருவிகளுக்கு ஒரு ஸ்வீட் (suite, பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்பு) எழுதி முடித்தார். அடுத்த ஆண்டே புற்றுநோயில் இறந்துவிட்டார், வயது 52.