ஸ்பான்சர் ஒப்பந்தமும் இந்திய அணிச் சீருடையும்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். நீளம் தாண்டும் வீராங்கனையான என் மகளுக்கு (வயது 21) ஒரு காலணி நிறுவனத்தோடு மூன்றாண்டு ஒப்பந்தம் உள்ளது. இப்போது இந்திய அணிக்குத் தேர்வாகியிருக்கிறாள். அணியின் சீருடையோ அதற்குப் போட்டியான நிறுவனத்துடையது. அதை அணிந்தால் 15 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்கிறார்கள் காலணி நிறுவனத்தார். ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியுமா?

பதில்: நாட்டுக்காகப் பங்கேற்கிறார் என்பதாலேயே ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 27ஆம் பிரிவு தொழிலுக்குத் தடை விதிக்கும் உடன்பாடுகளைச் செல்லாதவை என்றாலும், ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரே நிறுவனத்தோடு மட்டும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பொதுவாக அதற்குள் வராது என்பதை உச்ச நீதிமன்றம் 1995இல் குஜராத் பாட்லிங் வழக்கில் தெளிவாக்கியது. காலம் முடிந்த பிறகும் வீரரைக் கட்டிவைக்கும் நிபந்தனையைத்தான், ஜாகீர் கான் தொடர்பான 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அது ஏற்கவில்லை. நிறைவேற்ற இயலாமற்போன ஒப்பந்தம் என்று 56ஆம் பிரிவைக் காட்டுவதும் எடுபடாது என்பது என் கருத்து. தடகள வீராங்கனை தேசிய அணிக்குத் தேர்வாவது இரு தரப்பும் முன்பே எதிர்பார்த்திருக்கக்கூடியதுதானே?

ஆகவே முதலில் ஒப்பந்தத்தை, குறிப்பாகச் சொற்களுக்கு விளக்கம் தரும் பகுதியை, நிதானமாகப் படியுங்கள். 'அணி விதிகளுக்கு உட்பட்டு' என்பது போன்ற விலக்கு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் காலணியைத் தனியே பிரித்துப் பேச இடமுண்டு. தடகளத்தில் சீருடை ஒரு நிறுவனத்துடையதாகவும் ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த காலணி) வேறொரு நிறுவனத்துடையதாகவும் இருப்பது வழக்கமான காட்சி. தங்கள் மகள் ஸ்பான்சரின் ஸ்பைக்ஸையே அணிந்து தாண்டினால், காலணி விற்கும் நிறுவனத்துக்கு என்ன பெரிய நட்டம் என்ற கேள்வி எழும்.

15 லட்சத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். 74ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பே. அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்பதும், நட்டத்தை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபித்தே ஆக வேண்டும் என்பதும் கைலாஷ் நாத் வழக்கில் (2015) உறுதியாயின.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது, அணியின் பயிற்சி முகாமில் சேரும்போது தடகளக் கூட்டமைப்பு நீட்டக்கூடிய உறுதிமொழிப் படிவம். 'முரண்பட்ட ஒப்பந்தம் எதுவும் எனக்கில்லை' என்ற வரி அதில் இருந்தால், அப்படியே கையெழுத்திடுவது பொய் அறிவிப்பாகும். பிறகு இரு தரப்பும் அதையே ஆயுதமாக்கும். 2002 சாம்பியன்ஸ் கோப்பைக்கு முன் இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் தங்கள் சொந்த ஸ்பான்சர்களை முன்னிட்டு ஐசிசியின் நிபந்தனைகளுக்குக் கையெழுத்திட மறுத்ததால்தான் அது பேசித் தீர்க்கும் விவகாரமாயிற்று. நட்சத்திரங்களுக்கு இருந்த பேரம் பேசும் வலிமை தங்கள் மகளுக்கு இருக்காது. எனவே தற்போதைய ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டு, காலணிக்கு மட்டும் எழுத்துமூல அனுமதி கேட்டு, முகாம் தொடங்கும் முன்பே கூட்டமைப்புக்குக் கடிதம் அனுப்புங்கள். அதன் நகலை நிறுவனத்துக்கும் அனுப்பி, அணிப் போட்டிகளில் சீருடைக்கு மட்டும் விலக்களிக்கும் துணை ஒப்பந்தம் கேளுங்கள்.

நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால் பெங்களூரு நீதிமன்றத்துக்கு ஓடிவிடாதீர்கள். ஒப்பந்தம் மும்பையையோ டெல்லியையோ நடுவர் தீர்ப்புக்கான (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவரைக் கொண்டு தகராறைத் தீர்க்கும் முறைக்கான) இடமாகக் குறித்திருந்தால், இடைக்கால நிவாரணத்தையும் பெரும்பாலும் அங்குள்ள நீதிமன்றத்திலேயே கேட்க நேரிடும்.