மீதிக் காசைக் கொடுத்தால்தான் வேலியைத் திருத்துவாராம்

கேள்வி: ஐயா, மட்டக்குளியில் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கமும் ஒரு பக்கமுமாக 120 அடிக்குக் கொங்கிறீட் தூண் நட்டு வலைக்கம்பி அடிக்கும் வேலையை ஒரு கொந்தராத்துக்காரரிடம் கொடுத்தோம். மொத்தம் 285,000 ரூபா என்று பேச்சு. முற்பணமாகக் கொஞ்சமும் தூண்கள் வந்து இறங்கிய அன்று கொஞ்சமுமாக 200,000 கொடுத்துவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில் வேலை முடிந்தது. ஒக்டோபர் மழையோடு மூலைத் தூண்கள் இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டன, வலை நடுவில் தொட்டில் போலத் தொங்குகிறது. 12 கேஜ் கம்பி என்று வட்ஸ்அப்பில் எழுதியிருந்தார், அடித்திருப்பதைப் பார்த்தால் அதைவிட மெல்லிசாகத் தெரிகிறது. போன் எடுத்தால் "மீதி 85,000ஐப் போடுங்கள், பிறகு வந்து பார்க்கிறேன்" என்கிறார். கடைசியாக எடுத்தபோது, காசு வராவிட்டால் ஆட்களோடு வந்து வேலியைக் கழற்றிக்கொண்டு போவேன் என்றார். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார், நானும் பிள்ளைகளும்தான் வீட்டில். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை, ஒரு ரசீதும் அந்த மெசேஜ்களும் மட்டும் இருக்கின்றன. வேறு ஆளைப் பிடித்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக அடியுங்கள் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?
வாசகி ஒருவர், கொழும்பு 15

பதில்: சகோதரி, பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அதை மட்டும் இப்போது செய்துவிடாதீர்கள். சாய்ந்த தூணும் தொங்குகிற வலையும்தான் உங்களிடம் உள்ள பெரிய சாட்சி. அவற்றைப் பிடுங்கி எறிந்த பிறகு, "நான் ஒழுங்காகத்தான் நட்டேன், அவர்களே உடைத்துவிட்டார்கள்" என்று அவர் சொன்னால் உங்களால் மறுத்துக் காட்ட முடியாது. வேலி அப்படியே நிற்கட்டும். பிள்ளைகள் விளையாடும் பக்கம் தூண் விழும் ஆபத்து இருந்தால் ஒரு முண்டு கொடுத்து நிறுத்துங்கள், அது போதும்.

மீதி 85,000ஐ இப்போதைக்குக் கொடுக்கவும் வேண்டாம். வேலை குறையாக இருக்கும்போது மீதியைப் பிடித்து வைப்பதில் அநியாயம் எதுவும் இல்லை. ஆனால் பிடித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கக்கூடாது, போனில் சண்டை பிடிப்பதோடும் நிறுத்தக்கூடாது. இன்ன குறை இருக்கிறது, இதைத் திருத்தினால் மீதியைத் தருகிறேன், இத்தனை நாளுக்குள் வாருங்கள் என்று எழுத்தில் போக வேண்டும். அப்படி எழுதாத வரைக்கும், வெளியிலிருந்து பார்க்கிற ஒருவருக்கு நீங்கள் காசு கொடுக்காத வீட்டுக்காரர், அவர் காசு வராத கொந்தராத்துக்காரர், அவ்வளவுதான் தெரியும். எழுதிய நாளிலிருந்து கதை மாறிவிடும்.

எழுதுவதற்கு முன்னால் குறையை அளந்துகொள்ளுங்கள், "வேலை சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் பிரயோசனம் இல்லை. ஒரு தூக்குக்குண்டை மூலைத் தூணின் தலையிலிருந்து தொங்கவிட்டு, அடியில் எத்தனை அங்குலம் விலகி நிற்கிறது என்று அளவுநாடாவோடு சேர்த்துப் படம் எடுங்கள். கம்பிக்கு, வேலை முடிந்தபோது வெட்டிப் போட்ட துண்டு ஏதாவது வளவில் கிடக்கும், அதை எடுத்துக்கொண்டு பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போனால் அளந்து சொல்வார்கள். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். 12 கேஜ் என்றால் 2.64 மில்லிமீற்றர், 14 கேஜ் என்றால் 2.03. கண்ணுக்குச் சின்ன வித்தியாசமாகத்தான் தெரியும், ஆனால் அதே நீளத்தில் இரும்பு ஏறத்தாழ 40 வீதம் குறைந்துபோகிறது, விலையும் அதற்கேற்பக் குறைவு. பச்சை பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட வலையாக இருந்தால் பூச்சைச் சுரண்டிவிட்டு உள்ளே உள்ள கம்பியை அளக்கச் சொல்லுங்கள், பூச்சோடு அளந்து 12 என்று சாதிப்பவர்கள் இருக்கிறார்கள்.

தூண் ஏன் சாய்ந்தது என்பதுதான் முக்கியமான கேள்வி, இதில் அவர் மழையைச் சாட்டுவார். களனி கங்கை கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், மண் இளக்கமாகத்தான் இருக்கும், ஒக்டோபர் நவம்பரில் கொழும்பில் மழை கொட்டும் என்பதும் யாருக்கும் புதிதல்ல, அவருக்கும் புதிதல்ல. அந்த மண்ணுக்கும் அந்த மழைக்கும் நிற்கிற மாதிரி நடுவதற்குத்தானே காசு வாங்கினார். வலையை இழுத்துக் கட்டும்போது முழு இழுவையும் மூலைத் தூணில்தான் வந்து விழும். அதனால்தான் மூலைத் தூணுக்கு ஆழம் கூடுதலாக வேண்டும், சாய்வாக ஒரு முட்டுத்தூணும் கொடுக்க வேண்டும், அடியில் போட்ட கொங்கிறீட் இறுகுவதற்குச் சில நாட்கள் விட்டுப் பிறகே வலையை இழுக்க வேண்டும். உங்கள் மூலைத் தூண்களுக்கு முட்டு இருக்கிறதா என்று பாருங்கள், உள்பக்கமாகச் சாய்ந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்தால் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். தூண் நட்ட திகதியும் வலை இழுத்த திகதியும் உங்கள் போனில் உள்ள படங்களிலேயே இருக்கும், இரண்டும் ஒரே நாள் என்றால் அதையும் கடிதத்தில் போடுங்கள். ஒரு தூணின் அடியைத் தோண்டி ஆழம் பார்ப்பதென்றால் அவரையும் வரச் சொல்லி எழுதுங்கள், வராவிட்டால் வேலியோடு சம்பந்தமில்லாத ஒரு மேசன் பாஸை வைத்துத் தோண்டி, அளந்து, படம் எடுத்து, திருத்த எவ்வளவு செலவாகும் என்று அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். 8 அடித் தூண் 2 அடியாவது மண்ணுக்குள் போயிருக்க வேண்டும், உங்கள் பக்கத்து மண்ணுக்கு அதுவும் காணாது என்பது என் அபிப்பிராயம்.

ஒப்பந்தம் இல்லை என்று கவலைப்படுகிறீர்கள். இருக்கிறது, சகோதரி. அவர் வட்ஸ்அப்பில் நீளம், கேஜ், விலை எழுதி அனுப்பினார், நீங்கள் சரி என்று பதில் போட்டுக் காசும் கொடுத்தீர்கள், அதுதான் ஒப்பந்தம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பிறகு, மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றைச் செல்லாது என்று தள்ள முடியாது. அந்த மெசேஜ்களை இன்றைக்கே படமாக எடுத்துக் கணவருக்கும் அனுப்பி வையுங்கள், போன் தொலைந்தால் எல்லாமே போய்விடும்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். பேசியது என்ன, கொடுத்தது எவ்வளவு, குறை என்ன, 14 நாளுக்குள் திருத்தித் தாருங்கள், திருத்தி முடிந்த அன்றே மீதி கிடைக்கும், வராவிட்டால் வேறு ஆளை வைத்துத் திருத்தி அந்தச் செலவை 85,000இல் கழிப்பேன். கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். அவர் சிங்களம் வாசிப்பவர் என்றால் சிங்களத்தில் எழுதி அனுப்புங்கள், தமிழ்ப் பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதையே வட்ஸ்அப்பிலும் போடுங்கள், நீல நிறத்தில் இரண்டு சரி அடையாளம் வந்ததும் அதையும் படம் எடுங்கள்.

அவருடைய பக்கத்தையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இப்படிச் சின்னதாக வேலை எடுப்பவர்கள் பலருக்கு, ஒரு வீட்டில் வாங்கிய முற்பணம் அடுத்த வீட்டுச் சாமானுக்குப் போயிருக்கும், திருத்த வருவதற்கு உண்மையிலேயே கையில் காசு இருக்காது. அப்படித் தெரிந்தால், திருத்தத்துக்கு வேண்டிய சிமெந்தையும் முட்டுத்தூணையும் நீங்களே கடையில் வாங்கி இறக்கி, அந்த பில்லை மீதியில் கழிப்பதாகச் சொல்லிப் பாருங்கள். காசு அவர் கைக்குப் போகாது, வேலை நடக்கும். உங்களுக்கு வேண்டியது நிமிர்ந்து நிற்கிற வேலி. அவரைத் தோற்கடித்துவிட்டு சாய்ந்த வேலியோடு இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்குப் போங்கள், இங்கேதான் நாள் கணக்கு முக்கியம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை தந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் முடிந்த வேலை என்றால் நவம்பர் கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும், அதனால் 14 நாள் முடியட்டும் என்று இருந்துவிடாமல் முறைப்பாட்டை எழுதித் தயாராக வையுங்கள், திகதி நெருங்கினால் காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள். கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்து தருவேன், போடுகிற சாமான் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கும் என்ற உறுதி, யாரும் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் இருப்பதாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. விசாரித்து நட்டஈடு கொடுக்கச் சொல்லவும், பணத்தைத் திருப்பச் சொல்லவும் அதிகாரசபைக்கு அதிகாரம் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து வழி கேட்கலாம், முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை.

இன்னொரு வழி, இரண்டு பக்கத்தையும் பேசி இணங்க வைக்கிற மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது, பெரும்பாலும் சனி ஞாயிறில் கூடுவார்கள், சட்டத்தரணி வைத்து வாதாட வேண்டியதில்லை. உங்களுடைய தொகையில் உள்ள பிணக்குக்கு நீதிமன்றம் போவதென்றாலும் முதலில் இங்கே போய், இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். இந்த மாதிரி வழக்குக்கு இதுதான் பொருத்தமான இடம் என்று நினைக்கிறேன். மேசன் பாஸ் எழுதித் தந்த செலவுக் கணக்கை மேசையில் வைத்தால், 85,000இல் எவ்வளவு அவருக்கு, எவ்வளவு உங்களுக்கு என்று ஒரு நாளிலேயே முடிந்துவிடக்கூடிய விஷயம். சட்ட ஆலோசனை தேவை, கையில் காசு இல்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாகப் பார்ப்பார்கள்.

கழற்றிக்கொண்டு போவேன் என்றாரே, அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் சும்மா விடவும் வேண்டாம். நிலத்தில் நட்டு நிறுத்திய வேலியை உங்கள் அனுமதி இல்லாமல் வளவுக்குள் வந்து பிடுங்க அவருக்கு உரிமை கிடையாது. காசு வர வேண்டுமென்றால் அவரும் மத்தியஸ்த சபைக்கோ நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டும். பெண்ணும் பிள்ளைகளும் தனியாக இருக்கிற வீட்டுக்கு ஆட்களோடு வருவேன் என்று ஒருவர் சொல்வதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து இலக்கத்தை வாங்கி வையுங்கள். வந்துவிட்டால் கேற்றைத் திறக்காமல் 119க்கு எடுங்கள்.

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். போன மாதம் அடித்த வேலி ஓர் அடி தன் காணிக்குள் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டை பிடிக்கிறார். கேட்டால், நீங்கள் காட்டிய இடத்தில்தான் நட்டேன் என்கிறார் கொந்தராத்துக்காரர். வேலியின் நீளம் 60 அடி. செலவு யாருடையது?
வாசகர் ஒருவர், கொழும்பு 6

பதில்: நீங்கள் கை காட்டிய இடத்தில் அவர் நட்டிருந்தால் செலவு உங்களுடையதுதான். எல்லையைக் கண்டுபிடிப்பது வேலிக்காரரின் வேலை அல்ல, அதற்கு அனுமதிப்பத்திரம் பெற்ற நில அளவையாளர் வர வேண்டும். காணி உறுதியோடு உள்ள வரைபடத்தை வைத்து எல்லைக்கல்லை அவர் காட்டியிருந்து, அதை மீறி நட்டிருந்தால்தான் கொந்தராத்துக்காரரிடம் கேட்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறார் என்று நினைக்காதீர்கள். ஓர் அடி அகலம், 60 அடி நீளம், 60 சதுர அடி. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிதான், ஆகவே கால் பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு, வெள்ளவத்தையில் அது என்ன விலை போகும் என்று உங்களுக்கே தெரியும். அதைவிட, ஒருவர் எதிர்ப்பில்லாமல் பத்து வருடம் அனுபவித்த நிலத்துக்கு உரிமை கேட்க நம் சட்டத்தில் இடம் இருக்கிறது, அந்தப் பயம் அவருக்கு இருப்பது நியாயம். இரண்டு வீட்டாரும் செலவைப் பகிர்ந்து ஒரு நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். அவர் வரும் வரை, இந்த வேலி முடிவான எல்லை இல்லை, அளந்த பிறகு சரிசெய்வோம் என்று ஒரு துண்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பாதிச் சண்டை அதோடு தணிந்துவிடும்.

கேள்வி: வேலி அடிக்கப் போகிறோம், கொந்தராத்துக்காரர் முக்கால் பங்கு காசை முதலே கேட்கிறார். கொடுக்கலாமா?
வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம். சாமான் வாங்கும் அளவுக்கு முதலில் கொடுங்கள், அதுவும் கடை பில்லைப் பார்த்து. தூண் எல்லாம் நட்டு இறுகிய பிறகு ஒரு பங்கு, வலை இழுத்து முடிந்ததும் ஒரு பங்கு. பத்திலொரு பங்கையாவது ஒரு நல்ல மழை போகும் வரை பிடித்து வைப்பதாக வேலை தொடங்கும் முன்னரே எழுதிக்கொள்ளுங்கள். தூணின் நீளம், மண்ணுக்குள் போகும் ஆழம், கம்பியின் கேஜ், மூலைக்கு முட்டு உண்டா இல்லையா, எத்தனை மாத உத்தரவாதம், இவ்வளவும் மெசேஜில் வந்தாலே போதும். இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.