மாமா கேட்ட மழை

அன்புள்ள அண்ணன்,

சம்மாந்துறைப் பக்கம் வேளாண்மை செய்யும் கூட்டாளிகளுக்காக ஒரு வலைப்பக்கம் செய்தேன். மாதா மாதம் பெய்த மழையை அது கேன்வாஸில், அதாவது நிரலால் படம் வரையும் வலைப்பக்க உறுப்பில், தூண்களாக வரைந்து காட்டும். எங்கள் மாமாவுக்குப் பார்வை இல்லை, போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள்) பாவிக்கிறவர். அவர் திறந்தபோது தலைப்பை வாசித்துவிட்டு நேரே பக்கத்தின் அடிக்குப் போய்விட்டது. பிறகு, திரைவாசிப்பான் சொல்ல வேண்டிய பெயரைக் குறிக்கும் ஏரியா-லேபலில் (aria-label) 'மழை வரைபடம்' என்று எழுதிச் சேர்த்தேன். இப்போது அதை மட்டும் சொல்கிறது. "சரி மகன், மழை எவ்வளவு?" என்று மாமா கேட்கிறார். இனி என்ன செய்யலாம்? கேன்வாஸையே விட்டுவிட வேண்டுமா?

— கல்முனையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மாமாவின் கேள்வியிலேயே விடை இருக்கிறது. அவருக்கு வேண்டியது மழைக் கணக்கு.

கல்லடியில் இருக்கும் என் அக்காவும் இப்படித்தான். கணினியில் என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பான் பாவிக்கிறார். நான் செய்த வரைபடம் ஒன்றை ஒருநாள் ஆசையோடு அவருக்குத் திறந்து கொடுத்தேன். 'நீல நிறத் தூண்கள், வலப்பக்கம் போகப் போக உயரமானவை' என்றெல்லாம் லேபலில் விரிவாக எழுதியிருந்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "போன மார்கழியை விட இந்த மார்கழி கூடவா?" என்றார். நான் எழுதிய எதிலும் அதற்குப் பதில் இல்லை. அன்று முழுக்க எனக்கு மனம் சரியில்லை. அதற்குப் பிறகு படத்தை வர்ணிப்பதை நிறுத்திவிட்டேன். எந்த எண்களை வைத்து வரைகிறேனோ அந்த எண்களையே கொடுக்கிறேன். மாற்றுத்திறனாளிகளும் வலைப்பக்கங்களைப் பாவிக்க வழிசொல்லும் டபிள்யூசிஏஜி (WCAG) நெறிமுறையின் 1.1.1ஆம் விதி கேட்பதும் இதைத்தான்: படம் என்ன பயனைத் தருகிறதோ அதே பயனை எழுத்தும் தர வேண்டும்.

கேன்வாஸில் ஒரு செவ்வகத்தை வரைந்த மறுகணமே அது வெறும் நிறப்புள்ளிகளாகிவிடுகிறது. அது கார்த்திகை மாதத்தின் தூண் என்பது உலாவிக்குத் தெரியாது, அதனால் திரைவாசிப்பானுக்கும் தெரியாது. படம் வரைய இன்னொரு வழியான எஸ்விஜியில் (SVG) ஒவ்வொரு தூணும் பக்கத்தின் ஓர் உறுப்பாகவே இருக்கும், அதற்குப் பெயரும் வைக்கலாம். உங்களுடைய 12 தூண்களுக்கு எஸ்விஜி தாராளமாகப் போதும், நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன். ஆயிரக்கணக்கான புள்ளிகளும் நிற்காமல் ஓடும் படமும் என்றால் கேன்வாஸ் இருக்கட்டும்.

எதில் வரைந்தாலும், படத்துக்கு மேலே இரண்டு வரி எழுதுங்கள்: எந்த மாதம் மழை கூட, எந்த மாதம் குறைவு, போன வருடத்தோடு பார்த்தால் எப்படி. அந்த வரிகளையும் நிரலே அதே எண்களிலிருந்து ஆக்கட்டும். இல்லாவிட்டால் படம் மாறும், வரி பழையதாகவே நிற்கும். கீழே ஓர் அட்டவணை வையுங்கள். அதை ஒளிக்க வேண்டாம். சரியான மில்லிமீற்றர் கணக்கு வேண்டுமென்றால் கண் தெரிந்தவர்களும் அதைத்தான் தேடுவார்கள். அட்டவணையின் தலைப்புக் கட்டங்களைத் தலைப்பு என்றே குறியுங்கள். என்விடிஏயில் அக்கா 'டி' எழுத்தை அழுத்தி நேரே அட்டவணைக்குப் போவார், கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியால் கட்டம் கட்டமாக நகர்வார். தலைப்பு சரியாகக் குறித்திருந்தால் மாதத்தின் பெயரும் எண்ணோடு சேர்ந்து கேட்கும். குறிக்காவிட்டால் வெறும் எண்கள்தான்.

ஒரு இடத்தில் கவனம் தேவை. கேன்வாஸின் தொடக்க, முடிவுக் குறிகளுக்கு நடுவில் வைப்பது திரையில் தெரியாது, ஆனால் திரைவாசிப்பானுக்குக் கேட்கும். அதனால் பலர் அட்டவணையை அங்கே வைக்கிறார்கள். லேபல் ஒழுங்காக வாசிக்கப்பட வேண்டும் என்று கேன்வாஸுக்கு 'ரோல் இமேஜ்' (இது ஒரு படம் என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் குறி) கொடுப்பதும் வழக்கம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் உள்ளே இருக்கிற அட்டவணை காணாமல் போய்விடும், ஏனென்றால் அந்த ரோல் உள்ளே இருப்பதையெல்லாம் ஒரே படமாக ஆக்கிவிடுகிறது. இது தெரியாமல் நான் ஒரு மாலை முழுவதும் குழம்பியிருக்கிறேன். அட்டவணை வெளியே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

தூணைத் தொட்டால் எண் வரும் என்று ஏதாவது செய்திருந்தால், அது விசைப்பலகையாலும் நடக்க வேண்டும். அப்புறம், பக்கத்தின் மொழி தமிழ் என்று லாங் (lang) பண்பில் குறித்திருக்கிறீர்களா? பக்கம் ஆங்கிலம் என்று இருந்தால், தமிழ் எழுத்தை ஆங்கிலக் குரல் வாசிக்கப் பார்க்கும், ஒன்றும் விளங்காது.

செய்து முடித்ததும் மாமாவிடம் போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் இருங்கள். போன வருடம் எந்த மாதம் மழை கூட என்று மட்டும் கேளுங்கள். எங்கே தடுமாறினார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து