குளவிக்கு முறை தெரியுமா?

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்தில் ரோட்டோரமெல்லாம் மஞ்சள் பூச்செடி நட்டிருக்கிறார்கள். ஓலையைத் தின்னும் உலாட் புங்குஸ் என்ற கூடுப்புழுவைக் கொல்லும் குளவிக்கு அது தீனியாம், மண்டோர் சொன்னார். அந்த மாதிரிக் குளவிகளில் அண்ணனும் தங்கையுமே சேருமாமே, அதுகளுக்கு முறையே கிடையாதா?
- ஒரு வாசகி, தெலுக் இந்தான்

பதில்: மண்டோர் சொன்னது சரிதான் அக்கா. டர்னெரா, காசியா மாதிரியான மஞ்சள் பூச்செடிகளின் தேனைக் குடிக்க வரும் சின்னக் குளவிகளில் சில, அப்படியே கூடுப்புழுவைத் தேடிப் போய் முட்டையிட்டுவிடும், குஞ்சுகள் புழுவைத் தின்றே வளரும்.

அண்ணன் தங்கை விஷயம் எல்லாக் குளவிக்கும் பொருந்தாது. ஓட்டுக்குள் இருக்கும் ஈயின் கூட்டுப்புழுவில் முட்டையிடும் நசோனியா என்ற குளவியைப் பாருங்கள். ஆண்கள் முதலில் வெளியே வந்து, பறக்க முடியாத குட்டை இறக்கையோடு அந்த ஓட்டின் மேலேயே காத்துக்கிடக்கும், பின்னால் வருகிற பெண்களோடு சேரும். பெரும்பாலும் அவை கூடப் பிறந்தவைதான். இதில் வேடிக்கை, ஆணுக்கு அப்பாவே கிடையாது. விந்து சேராத முட்டை ஆணாகும், சேர்ந்தது பெண்ணாகும், எதை இடுவது என்று தாயே முடிவு செய்கிறாள். தனியாக முட்டையிட்டால் மகன்கள் ரொம்பக் குறைவு. அண்ணன் தம்பிகள் ஒரே தங்கைகளுக்காக முட்டிக்கொள்வதில் அவளுக்கு என்ன லாபம்? வேறொருத்தி ஏற்கெனவே முட்டையிட்ட புழுவானால், அவளுடைய மகள்களோடும் சேரலாம் என்பதால் மகன்களைக் கூட்டிவிடுவாள். 1967-இல் பரிணாம ஆய்வாளர் ஹாமில்டன் விளக்கிய கணக்கு இது. ஆனால் அந்த வேறொருத்தி அவளுடைய சொந்த அக்காவா, யாரோ எவளோவா என்று பார்த்து அவள் கணக்கை மாற்றுவதில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

சொந்தம் பார்க்கிற குளவியும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. கோப்பிடோசோமா ஒரு அந்துப்பூச்சி முட்டைக்குள் ஒரு முட்டை வைத்தால், அது பிரிந்து பிரிந்து ஆயிரத்துக்கும் மேல் ஒரே அச்சுக் குஞ்சுகளாகும். அவற்றில் சில மட்டும் பெரிய தாடையோடு சண்டைக்காரிகளாகி, வளர்ந்து குளவியாகாமலே சாகும். அந்த முட்டையிலிருந்து வரும் கம்பளிப்புழுவுக்குள் வேறு குஞ்சைக் கண்டால் அதை மூடிய சவ்வை வைத்தே ஆள் யாரென்று கண்டுபிடித்து, சொந்தம் தூரமாக ஆக அதிகமாகத் தாக்கும்.

தாய் அதே இடத்தில் ஆண் முட்டை ஒன்றும் வைத்திருந்தால் தம்பிகளும் உள்ளே இருப்பார்கள். அப்படியானால் அவர்கள் தப்பிப்பார்களா என்றால், அதுவும் இல்லை. சண்டைக்காரிகள் தங்கள் தம்பிகளையும் கடித்துக் கொல்கிறார்கள். தங்கைகளுக்கு மாப்பிள்ளையாக ஒரு சிலர் மிஞ்சினால் போதுமாம்.