பதக்கம் அப்புறம், முதலில் பதிவு

முன்னாள் படைவீரர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: ரிக்கார்ட்ஸ் ஆபீஸில் (படைவீரர்களின் சேவைப் பதிவுகளை வைத்திருக்கும் ராணுவ அலுவலகம்) கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற சுபேதார், கும்பகோணம்

கேள்வி: ஐயா, வணக்கம். என் மாமனார் 1968-இல் பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்து 1983-இல் பென்ஷனோடு வந்தவர். 1971 சண்டையில் வங்காளப் பக்கம் லாரி ஓட்டியிருக்கிறார். போன குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அவரோடு வேலை பார்த்த அய்யம்பேட்டைக்காரர் நாலு பதக்கம் குத்திக்கொண்டு வந்தார். இவர் சட்டையில் இரண்டுதான். அன்றிலிருந்து மனுஷர் சரியாகச் சாப்பிடுவதில்லை. பட்டாளத்திலிருந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்தால் அதிலும் சங்க்ராம் மெடல், ஒன்பது வருட சேவைப் பதக்கம், இந்த இரண்டுதான் எழுதியிருக்கிறது. ஜனாதிபதிக்கு மனுப் போடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். விட்டுப்போன பதக்கங்களைச் சேர்க்க முடியுமா? சேர்த்தால் பென்ஷன் கூடுமா?
– ஒரு மருமகள், பாபநாசம்

பதில்: ஜனாதிபதியை விட்டுவிடுங்கள் அம்மா. அங்கே போடுகிற மனுவும் சுற்றிச் சுற்றி ரிக்கார்ட்ஸ் ஆபீஸுக்குத்தான் வந்து சேரும். வழியில் ஒவ்வொரு ஆபீஸும் ஒரு முகப்புக் கடிதம் வைத்துத் தைக்கும், அவ்வளவுதான். என் மேஜைக்கு அப்படி நிறைய வந்திருக்கின்றன. மேலே இருக்கிற கடிதங்களைப் புரட்டிவிட்டு அடியில் பார்த்தால், மனுதாரர் தன் படை எண்ணையே எழுதியிருக்க மாட்டார்.

பென்ஷன் கூடாது. பரம்வீர் சக்ரா, வீர் சக்ரா மாதிரி வீரத்துக்குத் தரும் விருதுகளுக்குத்தான் மாதப்படி உண்டு. சண்டை நடந்த இடத்தில் இருந்ததற்கும், இத்தனை வருடம் சேவை செய்ததற்கும் தருகிற பதக்கங்களுக்குக் காசு கிடையாது. பதக்கத்தைச் சேர்த்தால் அரியர்ஸ் வரும், நான் முடித்துத் தருகிறேன் என்று யாராவது ஃபீஸ் கேட்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு சிப்பாய்க்குப் பதக்கம் எப்படி வருகிறது? தகுதி இருக்கிறது என்று அவருடைய யூனிட் முதலில் ஒரு உத்தரவு போடும். பார்ட் டூ ஆர்டர் என்போம். அது ரிக்கார்ட்ஸ் ஆபீஸுக்குப் போகும். அங்கே அவருடைய சீட் ரோலில், அதாவது சேவைப் பதிவேட்டில், ஒரு கிளார்க் அதை ஏற்றுவார். வீட்டுக்கு அனுப்பும்போது சீட் ரோலைப் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் புக்கில் எழுதுவார்கள். கொல்கத்தா நாணயச்சாலையில் அடிக்கிற உலோகம் கடைசியாகத்தான் வரும். ஆகவே, பதக்கம் கொடுங்கள் என்று கேட்டு மனு எழுதாதீர்கள். பதிவைச் சரிசெய்யுங்கள் என்று கேளுங்கள். பதிவில் ஏறாத பதக்கத்தை ரிக்கார்ட்ஸ் ஆபீசர் நினைத்தாலும் தர முடியாது.

உங்கள் மாமனாருக்கு எந்த இடத்தில் விட்டுப்போயிருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். டிரைவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பெயர் ஒரு கம்பெனியில் இருக்கும். ஆளும் வண்டியும் வேறொரு யூனிட்டுக்கு அட்டாச்மென்ட்டில் போயிருக்கும். சொந்தக் கம்பெனி பட்டியல் எழுதும்போது இவர் அங்கே இல்லை. போன இடத்துக்காரர்களுக்கு இவர் சொந்த ஆள் இல்லை. இரண்டு பட்டியலிலும் பெயர் விட்டுப்போகும். இன்னொரு காரணம் எழுத்து. நம் பக்கத்து முருகையனை வடக்கத்திக் கிளார்க் ஒருவர் முருகன் என்று எழுதுவார், இன்னொருவர் முருகேசன் என்பார். இனிஷியல் சில சமயம் முன்னால் வரும், சில சமயம் பின்னால் வரும், சில சமயம் அப்பா பெயரே ஆள் பெயராகிவிடும். எண்ணில் ஓர் இலக்கம் தப்பினால் கேட்கவே வேண்டாம், இவருடைய பதக்கம் வேறொருவர் ஏட்டில் ஏறியிருக்கும்.

விட்டுப்போனவை எவை? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஒன்று பூர்வி ஸ்டார், மற்றது சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம். இரண்டையும் ஒரே மாதிரி நிரூபிக்க முடியாது. வெள்ளிவிழாப் பதக்கத்துக்கு 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்திருந்தால் போதும். 1968-இல் சேர்ந்து 1983-இல் வந்தவர் என்று டிஸ்சார்ஜ் புக்கே சொல்கிறது. வேறு சாட்சி தேவையில்லை. இதைத் தனி மனுவாக முதலில் போடுங்கள்.

பூர்வி ஸ்டார் அப்படியில்லை. 1971-இல் கிழக்கு முனையில், அதற்கென்று குறித்த பகுதிக்குள் இருந்தவர்களுக்கு அது. மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். சங்க்ராம் மெடல் இரண்டு பக்கத்தாருக்கும் பொது, முனைக்கே போகாதவர்களுக்கும் உண்டு. அதனால்தான் அது மட்டும் உங்கள் மாமனாருக்குத் தப்பாமல் வந்திருக்கிறது. பூர்வி ஸ்டாருக்கு அவர் எந்தத் தேதியில் எந்த யூனிட்டோடு இருந்தார் என்று காட்ட வேண்டும். வீட்டில் பரண் மேல் டிரங்குப் பெட்டி இருக்குமே, அதை இறக்கிப் பாருங்கள். மூவ்மென்ட் ஆர்டர், லீவு சர்டிபிகேட், ராணுவ ஆஸ்பத்திரிச் சீட்டு, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். மாமியாருக்கு அவர் போட்ட இன்லண்ட் லெட்டர் இருந்தால் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். 99 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்றிருந்தால் கிழக்குப் பக்கம், 56 ஏ.பி.ஓ. என்றிருந்தால் வடக்கு, மேற்குப் பக்கம். அந்தக் கடிதம் ஒன்றே சாட்சியாகாது. ஆனால் தேதியும் யூனிட் பெயரும் அதில் இருக்கும். எங்கே தேட வேண்டும் என்று கிளார்க்குக்கு வழிகாட்டும். அய்யம்பேட்டைக்காரரிடம் கோபித்துக்கொள்ளாமல் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கிலும் ஒரு ஜெராக்ஸ் வாங்கிவையுங்கள். அதே சமயம் அதே யூனிட்டில் இருந்தவருக்கு ஸ்டார் பதிவாகியிருப்பது நல்ல ஆதாரம்.

பூர்வி ஸ்டார் மனுவுக்கு முன்னால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ரிக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு ஆர்.டி.ஐ. மனு ஒன்று போட்டுவிடுங்கள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். மாமனார் பெயரிலேயே, அவர் கையெழுத்தோடு போகட்டும். "ஏன் கொடுக்கவில்லை" என்று மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள். ஆர்.டி.ஐ.யில் ஏன் என்பதற்குப் பதில் வராது, கையில் இருக்கிற காகிதத்துக்கு நகல்தான் வரும். 1971, 1972 இரண்டு வருடமும் எந்தெந்த யூனிட்டில் இருந்தார், அட்டாச்மென்ட் விவரம், சீட் ரோலில் பதக்கங்கள் எழுதிய பக்கத்தின் நகல், அவற்றுக்கான பார்ட் டூ ஆர்டரின் எண், தேதி. இவ்வளவு கேட்டால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அங்கேயே முதல் மேல்முறையீடு. சீட் ரோலில் ஸ்டார் ஏறியிருந்து டிஸ்சார்ஜ் புக்கில் மட்டும் விட்டுப்போயிருந்தால் பாதி வேலை முடிந்தது. இப்படி விட்டுப்போனவை நான் பார்த்தவரை நிறைய.

மனுவை அந்தந்தப் படைப்பிரிவின் ரிக்கார்ட்ஸ் ஆபீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், வண்டி, இயந்திரம் பழுதுபார்க்கும் இ.எம்.இ.க்கு செகந்திராபாத். உங்களுடையது எது என்று கடிதத்தில் இருந்தது, படை எண்ணும் இருந்தது. இரண்டையும் இங்கே அச்சிடவில்லை. நீங்களும் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். தஞ்சாவூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. மனுவை அங்கே காட்டி, உதவி இயக்குநரின் பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்பினால் நல்லது. ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். பெயர் திருத்தம், மாமியாரின் பிறந்த தேதி, பதக்கம் மூன்றையும் சேர்த்து எழுதினால் மூன்றும் வேறு வேறு செக்ஷன். சுலபமான ஒன்றுக்குப் பதில் எழுதிவிட்டு ஃபைலை மூடிவிடுவார்கள். அசல் டிஸ்சார்ஜ் புக்கை முதல் மனுவோடு அனுப்பவே கூடாது. பதிவு ஏற்ற வேண்டும், அனுப்புங்கள் என்று அவர்களே எழுத்தில் கேட்டால், எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்.

உலோகம் எப்போது வரும் என்று கேட்டால், அதற்கு நான் ஜாமீன் நிற்க மாட்டேன். பதக்கத் தட்டுப்பாட்டால் பணியில் இருந்தவர்களே கடையில் வாங்கிக் குத்திக்கொண்ட காலம் உண்டு. பதிவு ஏறிவிட்டால் அப்படி ஒன்றை வாங்கி மாமனார் குத்திக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஏறுவதற்கு முன்னால் வேண்டாம். மிலிட்டரிக்காரர்கள் கூடுகிற இடத்தில் எவராவது ஒருவர் கேட்டுவிடுவார்.

கேள்வி: கஜா புயலில் ஓட்டுக்கூரை போய், அப்பாவின் பதக்கங்கள் இருந்த பெட்டியும் போய்விட்டது. அப்பாவும் இப்போது இல்லை. அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறது. பதக்கங்களைத் திரும்ப வாங்க முடியுமா?
– மகன், முத்துப்பேட்டை

பதில்: தம்பி, உங்களுக்குப் பதிவில் கோளாறு இல்லை, பொருள்தான் தொலைந்திருக்கிறது. மேலே சொன்னதைவிட இது சுலபம். மனு அம்மா பெயரில் இருக்கட்டும். தொலைந்த காரணத்தை ரிக்கார்ட்ஸ் ஆபீஸ் கட்டாயம் கேட்கும். போலீஸ் ஸ்டேஷனில் மனுக் கொடுத்து, மனுவைப் பெற்றதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். 2018 நவம்பரில் வீடு சேதமானதற்கு நிவாரணம் வாங்கியிருப்பீர்கள், அந்தக் காகிதம் ஏதாவது இருந்தால் அதையும் வையுங்கள். புயலில் போனது வேறு, கவனக்குறைவால் தொலைத்தது வேறு என்று அவர்களுக்குப் புரிய அது உதவும். அப்படியும் பணம் கட்டச் சொன்னால் கட்டிவிடுங்கள். அதற்கு வாதாடிக்கொண்டு அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம்.

டிஸ்சார்ஜ் புக்கும் தண்ணீரில் போய்விட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. போயிருந்தால் முதலில் அதற்கு நகல் கேளுங்கள்.

கேள்வி: என் தாத்தா 1942 முதல் 1946 வரை மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தார். பர்மாவுக்குப் போனதாகச் சொல்வார்கள். பென்ஷன் கிடையாது. ஒரே ஒரு பதக்கம் வீட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் ராஜா தலை, மறு பக்கம் சிங்கம் ஏதோ பாம்பு மேல் நிற்கிறது. பர்மா நட்சத்திரம் அவர் கணக்கில் இருந்ததா என்று அறிய வழி உண்டா?
– பேரன், திருத்துறைப்பூண்டி

பதில்: அது பாம்பு இல்லை, இரண்டு தலை டிராகன். உங்களிடம் இருப்பது 1939–45 யுத்தப் பதக்கம். 28 நாள் முழுநேரச் சேவை இருந்தாலே கிடைத்தது, அதை வைத்துப் பர்மா போனாரா என்று சொல்ல முடியாது. இந்தியாவிலேயே மூன்று வருடம் இருந்தவர்களுக்குத் தந்தது வேறு. அதில் இந்திய வரைபடம் இருக்கும். பர்மா ஸ்டார் ஆறு முனை நட்சத்திரம்.

பென்ஷன் இல்லாதவர்களின் சீட் ரோலை 25 வருடத்துக்கு அப்புறம் அழித்துவிடலாம் என்பது விதி. தாத்தாவுடையது இருக்காது. ஆனால் லாங் ரோல் என்று ஒரு பெரிய பதிவேடு உண்டு, அதை அழிப்பதில்லை. பெங்களூருக்கு எழுதி, அதில் தாத்தாவின் பதிவுக்கு நகல் கேளுங்கள். அதில் நாலு வரிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். எழுத எண் வேண்டுமே என்றால், பதக்கத்தின் விளிம்பைத் துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். இந்தியப் படைக்குத் தந்த பல பதக்கங்களில் எண், ரேங்க், பெயர், படைப்பிரிவு நான்கும் விளிம்பில் பொறித்திருக்கும். பிராஸோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.